முள் இடப்பக்கம் சாய்ந்தது

உம்முடைய ஜியோபோன் என் மேசையில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஆரஞ்சு நிறக் குப்பி. அடியில் தரையில் குத்துவதற்கான இரும்பு ஆணி, பக்கத்தில் வால் மாதிரி சிவப்பும் பச்சையுமாக இரண்டு வயர்கள். பூமியின் அதிர்வை வாங்கி மின்சாரமாக்கித் தரும் காது. ஆணியில் துரு ஏறிவிட்டது. ஆனால் வயர்முனையை மூக்கருகே கொண்டுபோனால் ஈயம் பற்றவைத்த பிசின் வாசனை இன்னும் லேசாக அடிக்கிறது. பழைய சாமானில் புது வாசனை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உமக்குப் பதில் எழுத முடியாது என்பது தெரியும். உயிரோடு இருந்தபோதும் நீர் நேரான பதில் எழுதியதில்லை.

சாரல் தொடங்கிய வாரத்தில் உம் வீட்டு மதினி குற்றாலத்திலிருந்து போன் செய்தார்கள். "அண்ணாச்சி, வீட்டைப் பூட்டிட்டு மவன் கூட பெங்களூர் போறேன். அவிய உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்காவ. வேற யார் கையிலயும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிருக்காவ. வந்து வாங்கிட்டுப் போங்க."

தென்காசியிலிருந்து பஸ் ஏறியவுடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உயிரோடு இருந்தவரை ஒன்றும் தராதவர் இப்போது என்ன தரப்போகிறார்? நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிய கவருக்குள் சுருட்டி வைத்திருந்தீர். எண்ணெய்ப் பிசுக்கோடு அதை வெளியே எடுத்தேன். குப்பியின் கழுத்தில் மஞ்சள் பட்டை. ராமநாதபுரத்துப் பக்கம் எரிவாயு தேடி நம் குழு வேலை பார்த்த அந்தப் பருவத்துக்கு மட்டும் அடித்த பட்டை அது. அடித்தது என் கை.

நமக்குள் நடந்தது உமக்குத் தெரியாததல்ல. ஆனால் எல்லோருக்கும் அதை நீர் சொன்ன விதத்திலேயே தெரியும். என் விதத்தில் ஒருமுறை சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளும். இப்போதாவது அது உம்மால் முடியும்.

ஓர் இடத்தில் குழி தோண்டி வெடி வைப்போம். அங்கிருந்து தள்ளித் தள்ளி வரிசையாக ஜியோபோன்களைக் குத்துவோம். வெடியின் அதிர்வு பூமிக்குள் இறங்கி, பாறை அடுக்குகளில் பட்டு, எதிரொலியாகத் திரும்பி வரும். பக்கத்தில் இருக்கும் காதுக்கு நேராக இறங்கி நேராக ஏறிய எதிரொலி கிடைக்கும். தூரத்துக் காதுக்குச் சாய்ந்து போய்ச் சாய்ந்து வந்தது கிடைக்கும். இரண்டும் பட்டது ஒரே மணற்படுகையில்தான். இருந்தாலும் இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஐந்தருவியில் குளித்துவிட்டுக் கரையேறுகிறவனுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டாம். காலடியில் தேங்கிய தண்ணீரை நேரே குனிந்து பார்த்தால் அடியில் கூழாங்கல் தெரியும். நாலு எட்டு தள்ளிப்போய்த் திரும்பிப் பார்த்தால் கல் போய் வானம் தெரியும். தண்ணீர் மாறவில்லை. பார்க்கிற சாய்வு மாறியது.

அந்த மாற்றத்தை வைத்துத்தான் மணலை வகுப்பு பிரித்தோம். மேலே மூடியிருக்கும் களிப்பாறையைவிடக் கெட்டியான மணல் முதல் வகுப்பு. நம் அலுவலகத்தில் கெட்டியைக் கறுப்பாகவும் மெத்தென்றதை வெள்ளையாகவும் தாளில் அச்சிடுவது வழக்கம். முதல் வகுப்பு கிட்டத்தில் கறுப்பாக ஓங்கி நிற்கும், தூரம் போகப் போகத் தேயும். இரண்டாம் வகுப்பு கிட்டத்தில் இருப்பதே தெரியாது, தூரத்தில்தான் எழுந்து வரும். மூன்றாம் வகுப்பு மெத்தென்ற மணல், கிட்டத்திலேயே வெள்ளை, தூரத்தில் இன்னும் பளிச்சென்று ஆகும். வாயு தேடுகிறவனுக்கு அதைக் கண்டால் தூக்கம் வராது. நான்காம் வகுப்பும் மெத்தென்றதுதான், அதிலும் வாயு இருக்கலாம். கிட்டத்தில் வெள்ளை. ஆனால் முதல் வகுப்பைப் போலவே தூரத்தில் தேய்ந்துவிடும்.

நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். வயர் சுமக்க வந்து, பழுது பார்க்கும் கூடாரத்துக்குப் பொறுப்பாளாகி, கழித்துப்போட்ட தாள்களைப் படுக்கைக்கு அடியில் சேர்த்து வைத்து, இந்த நான்கையும் நானாகவே படித்துக்கொண்டேன். நீர் செங்கோட்டைக்காரர், பட்டம் வாங்கியவர், குளிரூட்டிய அறையில் பதிவுகளைச் சுத்தம் செய்து தாளாக்கி அனுப்புகிறவர். என் படிப்பைப் பார்த்து நீர் கேலி செய்ததில்லை. அதை மறைக்கமாட்டேன். முகாமுக்கு வந்தால் என் படுக்கையிலேயே உட்கார்ந்து, "பின்னே, இன்னைக்கு எந்த வகுப்பு வே நம்ம மேலாளர்?" என்று கேட்பீர்.

"நாலு. பக்கத்துல நின்னா பல்லைக் காட்டுவாரு, பத்து மைல் தள்ளிட்டா நம்ம பேரே மறந்துரும்."

"சமையக்காரரு?"

"ஒண்ணு. கெட்டி. கரண்டியை வச்சுட்டுத் தூரப் போனாத்தான் மனுசன்."

"நானு?"

"நீரு இன்னும் அச்சாகலை வே."

சிரித்தீர். அப்போது நானும் சிரித்தேன்.

அந்த மஞ்சள் பட்டைப் பருவத்தின் பதிவுகள் அச்சாகி வந்தபோது ஒரு மணற்படுகை என் கண்ணில் பட்டது. கிட்டத்தில் வெள்ளை, தூரத்தில் தேய்கிறது. நான்காம் வகுப்பு, தோண்டிப் பார்க்கத் தகுந்தது என்று எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நானாக எழுதிக் கொடுத்த முதல் முடிவு. சென்னையில் கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நீர் எழுந்தீர். என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி தலைகீழா பாத்துட்டாரு சார். அந்த சீசன்ல ரிப்பேர் டென்ட்ல சிவப்பு வயரையும் பச்சை வயரையும் மாத்திப் பத்த வச்சிருக்காங்க. பதிவு முழுக்க உல்டா. அவரு வெள்ளைங்கறது நெஜத்துல கறுப்பு. நாலாவது வகுப்பு இல்ல, முதல் வகுப்பு. வெறுங்கல்லு."

அறை முழுவதும் சிரித்தது. முதலும் நான்காவதும் தூரத்தில் ஒன்றுபோலத் தேயும், நிறம் மட்டும்தான் வேறு. வழியில் எங்காவது வயர் மாறியிருந்தால் கல் வாயுமணலாகிவிடும், வாயுமணல் கல்லாகிவிடும். நீர் சொன்னது நடக்கக்கூடிய தவறுதான். எங்கள் தொழிலில் நடந்தும் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடாரம் என்னுடையது. அங்கே வயர் மாறியது என்றால் மாற்றியது நான். ஒரே மூச்சில் என் படிப்பையும் என் கையையும் சேர்த்துத் தள்ளிவிட்டீர்.

நேரா மாற்றமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. எதிரொலிகள் வருவதற்கு முன், வெடியின் அதிர்வு தரைக்கடியில் நேராக ஓடிவந்து ஒவ்வொரு காதையும் தொடும். அதை முதல் துடிப்பு என்போம். வெடி பூமியை முதலில் தள்ளத்தான் செய்யும், இழுக்காது. ஆகவே முதல் துடிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் வயரின் கதை தெரிந்துவிடும். என் மேசைக்கு வந்த தாள்களில் அந்த இடம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டியது நீர். கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் கேட்டேன்.

"எல்லாத் தாள்லயும் வெட்டுததுதான வே. அது சும்மா இரைச்சல். வச்சிருந்தா கீழ உள்ளது தெரியாது."

"வெட்டாத பதிவைக் காட்டும்."

"டேப்பு ஒட்டிப்போய்க் கெடக்கு. ஓடாது."

எல்லாத் தாள்களிலும் வெட்டுவது வழக்கம்தான். எனக்கும் தெரியும். டேப் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் எனக்கு வேண்டியது மட்டும் பார்த்து வெட்டப்படுவதும், எனக்கு வேண்டியது மட்டும் பார்த்து ஒட்டிக்கொள்வதும் எப்படி? அன்று விழுந்த சந்தேகம் பிறகு எழுந்திருக்கவேயில்லை. நான் மறுபடி வயர் சுமக்கும் பக்கத்துக்கே அனுப்பப்பட்டேன். அந்த இடத்தில் யாரும் துளை போடவில்லை. அடியில் இருப்பது கல்லா மணலா என்று யாருக்கும் தெரியாது. மேலே கருவேல மரங்களுக்கு நடுவே ஆடு மேய்கிறது.

எனக்கு மிஞ்சியது ஒரு பட்டப்பெயர். தலைகீழ் அண்ணாச்சி. பழைய முகாம் ஆட்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்களே, என் பிறந்தநாளுக்கு இப்போதும் என் படத்தைத் தலைகீழாகப் போட்டுத்தான் வாழ்த்துகிறார்கள். நீரும் ஒரு பூங்கொத்து அனுப்புவீர். அது நேராகத்தான் இருக்கும். அதையும் சந்தேகப்பட்டேன்.

ஓய்வுபெற்று நீர் குற்றாலத்தில் வீடு கட்டியபோது, இத்தனை ஊர் இருக்க என் பக்கத்தில் வந்து ஏன் உட்காருகிறீர் என்று யோசித்தேன். செங்கோட்டையில் பூர்வீக வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தீர். சாரல் நேரத்தில் பழைய அருவிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக்கொள்வது நம் வழக்கமாயிற்று. பக்கத்துப் பக்கத்துக் கல்லில் குப்புறப் படுத்திருப்போம்.

"என்ன வே, இன்னும் வெள்ளைதானா?"

"வெள்ளைதான்."

"கறுப்பு வே அது."

"அப்பம் முதல் துடிப்பைக் காட்டும்."

"அந்தச் சவத்தை விடும் வே. அருவி நல்லா விழுது, எந்திச்சுத் தலையைக் காட்டும்."

எண்ணெய் தேய்க்கிறவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என் முதுகில் ஓர் அறை விட்டு, "சார்மாரே, வருசா வருசம் கறுப்பா வெள்ளையான்னு பேசுதீய. மாட்டை வாங்கித் தொலைச்சிர வேண்டியதுதான?" என்றார். நீர் சிரித்த சிரிப்பில் கல்லிலிருந்து வழுக்கி விழப்பார்த்தீர். நான் சிரிக்கவில்லை. உம் கையைப் பிடித்து நிறுத்தினேன், அவ்வளவுதான்.

கடைசியாக நான் உம் வீட்டுக்கு வந்தபோது ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர். சட்டை உம்மைவிடப் பெரிதாக இருந்தது. மலையில் மேகம் இறங்கியிருந்தது. மங்குஸ்தான் வாங்கி வந்திருந்தேன். உடைத்துக் கொடுத்தால் ஒரு சுளையை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தீர். அன்றும் கேட்டேன். நோயாளியிடம் கேட்கிற கேள்வியா என்று யாரும் சொல்லலாம். நீரும் நானும் வேறு எதைப் பேசிக்கொண்டோம்? கேட்காமல் எழுந்து வந்திருந்தால், இவன் என்னைச் செத்தவனாகவே நினைத்துவிட்டான் என்று நீர் வருத்தப்பட்டிருப்பீர்.

"முதல் துடிப்புதான வே வேணும்? கையில தாரேன். தட்டிப் பாரும், தெரியும்" என்றீர்.

அதற்குப் பிறகு உம்மைப் பார்த்தது பூமாலைக்கு நடுவில்.

ஆகவே அந்தச் சிப்ஸ் கவர் என் கைக்கு வந்ததும் நீர் சொன்னது புரிந்தது. மஞ்சள் பட்டைப் பருவத்து ஜியோபோன். இதை முள் மீட்டரில் இணைத்து, வெடி பூமியைத் தள்ளுவதுபோல மேசையிலிருந்து வெடுக்கென்று தூக்கினால், வயர் நேராக இருந்தால் முள் இடப்பக்கம் சாயும், மாறியிருந்தால் வலப்பக்கம். தென்காசியில் எல்லாக் கடையிலும் எண் காட்டும் மீட்டர்தான். அதில் இந்தத் துடிப்பு நிற்காது. சுரண்டையில் மோட்டார் சுற்றுகிற கடை ஒன்றில் பழைய முள் மீட்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

கடைக்காரர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி இது? எந்த மோட்டார்ல உள்ளது?"

"பூமிக்கு வைக்கிற ஸ்டெதஸ்கோப்பு."

"பூமிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுக்கொண்டே இணைத்தார்.

என் போனை அவருடைய ஆளிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். குப்பியைப் பிடித்தேன். தூக்கினேன். முள் இடப்பக்கம் சாய்ந்தது. இன்னொரு முறை. இடப்பக்கம். தலையில் தட்டினேன், எதிர்ப்பக்கம் போய்த் திரும்பியது, போகவேண்டியபடியே. வயர் நேர். என் கூடாரத்தில் எதுவும் மாறவில்லை. வெள்ளை வெள்ளைதான். கடைக்காரருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்து ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னார். அந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்து வீடியோவைச் சேர்த்துவிட்டேன். அனுப்பும் குறியைத் தொடுவதுதான் பாக்கி.

"ஆனா சாமான் பழசுன்னாலும் பத்த வச்சது இப்பந்தான் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர், வயர்முனையை நகத்தால் சுரண்டி. "ஈயம் பளபளங்கு பாத்தியளா. பிசின்கூட காயல."

அப்போதுதான் அந்த வாசனையை முகர்ந்தேன்.

அங்கிருந்து நேரே குற்றாலம் போனேன். மதினி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆமா அண்ணாச்சி. நீங்க வந்துட்டுப் போன பொறவு அதைத் தேடி எடுத்தாவ. வயரு ரெண்டும் துருப்பிடிச்சு அத்துக் கெடந்துச்சு. பின்னால உக்காந்து சூட்டுக்கோலை வச்சு பத்த வச்சாவ. கை அந்த நடுக்கம் நடுங்குது, விரலைச் சுட்டுக்கிட்டாவ. இந்த ஒடம்போட இது எதுக்கு, கடையில குடுப்போமேன்னேன். இது நான்தான் செய்யணும்ட்டி, ஒருத்தருக்குத் தரவேண்டியது கெடக்குன்னாவ."

"எந்த வயரு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு பாத்தீயளா மதினி?"

"எனக்கு என்னத்தத் தெரியும்? நீங்க ரெண்டு பேரும் எதுக்கு மல்லுக்கட்டுனியன்னே எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா பத்த வச்சு முடிச்சதும் லேசாச் சிரிச்சாவ" என்றார்கள்.

சரி. இப்போது எனக்கு முன்னால் இருப்பது இதுதான். அற்றுக் கிடந்த வயர்களை, அவை முன்பு இருந்த இடத்திலேயே நீர் வைத்திருந்தால், நான் சரி, இத்தனை வருடமும் அது உமக்குத் தெரியும். அப்படியானால் நீர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தந்திருக்கிறீர். மாறியிருந்ததை நேராக்கி வைத்திருந்தால், நீர் சொன்னதே சரி, போகிற நேரத்தில் எனக்கு ஒரு பொய்யைப் பரிசாகச் செய்து வைத்திருக்கிறீர். விரலைச் சுட்டுக்கொண்டு. இரண்டிலும் முள் இடப்பக்கம்தான் சாயும். அது உமக்கும் தெரியும். சிரித்தீராமே.

எத்தனையோ முறை எடை போட்டுப் பார்த்துவிட்டேன். முதலாவது என்றால் உம்மை மன்னிக்கமாட்டேன். இரண்டாவது என்றால் உம்மிடம் தோற்றவனாவேன். உம் பிச்சையில் ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை.

வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அனுப்பினால் ஒரே நாளில் என் படம் நேராகிவிடும். அதில் முள் தெரியும், ஈயம் தெரியாது. மதினி சொன்னதும் அதில் இல்லை. தொடக்கத்தை வெட்டிய பதிவு. அப்படி ஒன்றை என் மேசைக்கு அனுப்பினீர் என்றுதான் உம்மோடு இத்தனை காலம் மோதினேன். அதையே நான் நாலு பேருக்கு அனுப்புவதா? அனுப்பமாட்டேன். தலைகீழாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நான் எழுதிக் கொடுத்த முடிவையும் திரும்பப் பெறமாட்டேன். அது நான்காம் வகுப்புதான். துளை போட்டுக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

மதினி கிளம்பும் நாளில் ரயிலேற்றிவிட வந்தேன். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "அவிய குடுத்தது நல்லாருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். "நல்லா வேலை செய்யுது மதினி" என்றேன். அது பொய்யில்லை.

சாரல் இன்னும் ஓயவில்லை. பழைய அருவிக்குத் தனியாகத்தான் போகிறேன். எண்ணெய் தேய்க்கிறவர் பக்கத்துக் கல்லில் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு தேய்க்கிறார். உம்மோடு மோதியதில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ கட்சிக்காரனிடமோ, யார் வந்து எதை ஆம் என்றாலும் இல்லை என்றாலும், ஆரம்பத்திலிருந்து சொல்லும், எதையும் வெட்டாமல் சொல்லும் என்கிறேன். கிழவனுக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்கிறார்கள்.

முகாமில் கேட்டீரே, நீர் எந்த வகுப்பு என்று. இப்போது அச்சாகிவிட்டீர். இரண்டாம் வகுப்பு. பக்கத்துக் கல்லில் படுத்திருந்த காலமெல்லாம் உம்மில் ஒன்றும் தெரியவில்லை. தூரம் போன பிறகுதான் எழுந்து வருகிறீர், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே. கறுப்பா வெள்ளையா என்று மட்டும் நான் எழுதிக் கொடுப்பதாக இல்லை. முதல் துடிப்பைக் கையோடு கொண்டுபோய்விட்டீர்.